350 ரூபாய் ஜெர்சியும் ஒரே ஒரு எட்டும்

காவேரிப்பட்டணத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கை, சுடிதார், பள்ளிச் சீருடை. எந்தத் துணியைக் கையில் எடுத்தாலும் முதலில் உள்பக்கம் திருப்பித்தான் பார்ப்பேன், அது தொழில் பழக்கம். அதனால் மகனுக்கு ஜெர்சி வாங்கிய கடையைப் பற்றிச் சொல்வதிலும் தையல்காரியின் புலம்பல் கொஞ்சம் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிருஷ்ணகிரியில், பெங்களூரு ரோட்டில், முதல் மாடியில் இருக்கிறது இந்த விளையாட்டுச் சாமான் கடை. பெயர் போடவில்லை. குறைகளையும் எழுதப்போகிறேன், ஒற்றை ஆளாகக் கடை நடத்துகிறவரின் பிழைப்பில் கை வைக்க மனமில்லை. படிக்கட்டு குறுகல், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் திரும்பி இறங்க வேண்டும். போட்டுப் பார்க்க அறை கிடையாது. பில் கேட்டால்தான் எழுதுகிறார். ஆனால் மனிதர் பொய் சொல்வதில்லை. என் முன்னால் ஒரு பையன் பாப்லர் மட்டையை எடுத்து லெதர் பந்துக்குத் தாங்குமா என்று கேட்டான். "டென்னிஸ் பாலுக்குத்தான் தம்பி, லெதர்னா ரெண்டாவது மேட்ச்சுல பொளந்துக்கும்" என்று சொல்லி, காஷ்மீர் வில்லோ மர மட்டையைக் காட்டினார். விலை கேட்டதும் பையன் நழுவிவிட்டான். வியாபாரம் போனது பற்றி அவர் அலட்டிக்கொள்ளவில்லை.

நாங்கள் போனது பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு. என் மகன் நான்காம் வகுப்பு, ஜடேஜா பைத்தியம். இந்தியா நீல ஜெர்சி, முதுகில் தன் பெயர், கீழே ஜடேஜாவின் எண் 8. அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே கொடுத்த வாக்கு அது.

முதலில் ஜெர்சியைச் சொல்லிவிடுகிறேன். 350 ரூபாய். ஒரிஜினல் இல்லை, கடைக்காரரும் அப்படிச் சொல்லவில்லை. திருப்பூர்ச் சரக்கு என்றார். பாலியஸ்டர் பின்னல் துணி, பொடிப்பொடி ஓட்டையோடு, வியர்வைக்கு ஒட்டாது. ஓரம் பிரியாமல் போடும் ஓவர்லாக் தையல் ஒழுங்காக இருந்தது. கழுத்து ரிப் இழுத்துவிட்டால் திரும்பிப் பழைய நிலைக்கு வருகிறது, இந்த விலைக்கு அது பெரிய விஷயம். தோள் மூட்டில் மட்டும் டேப் வைக்காமல் விட்டிருக்கிறார்கள். பை மாட்டிக்கொண்டு ஓடுகிற பிள்ளைக்கு அங்கேதான் முதலில் தொங்கும்.

பெயரும் எண்ணும் கடையிலேயே ஒட்டித் தருகிறார்கள். எழுத்துக்குப் பத்து ரூபாய், எண்ணுக்கு முப்பது. ஆங்கில எழுத்து மட்டும்தான், தமிழில் கேட்டால் சிரிக்கிறார். வெட்டித் தயாராக வரும் ஸ்டிக்கரை முதுகில் வைத்து, சூடேறிய தகட்டைக் கீழே அழுத்துகிறார். மெஷினில் 150 டிகிரி என்று காட்டியது. வாய்விட்டுப் பதினைந்து எண்ணினார், தூக்கினார், ஆறவிட்டு மேல்தாளை உரித்தார். அவசரப்படாமல் ஆறவிட்டதைப் பார்த்து எனக்குப் பிடித்தது.

பெயர் ஒட்டியாயிற்று. எட்டை எடுத்து வைக்கும்போது, "கடைசி எட்டு, தம்பிக்கு யோகம்" என்றார்.

எட்டு தீர்ந்துபோனதில் ஆச்சரியம் இல்லை. பெங்களூரு இங்கிருந்து தொண்ணூறு கிலோமீட்டர். இந்த ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் பெங்களூரு அணியான ஆர்சிபி, மீதிப் பேர் சென்னையின் சிஎஸ்கே. 2025 ஜூனில், பதினெட்டாவது ஐபிஎல்லில், ஆர்சிபியின் பதினெட்டாம் எண்காரர் கோலி ஒருவழியாகக் கோப்பையைத் தொட்டதிலிருந்து 1-ம் 8-ம் கடையில் நிற்பதே இல்லையாம். அப்படியென்றால் கூடுதலாக வாங்கி வைக்க வேண்டாமா? ஏழு மட்டும் ஒரு கட்டு இருந்தது. தோனி போட்ட ஏழை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று கிரிக்கெட் வாரியமான பிசிசிஐ ஒதுக்கிவிட்டதாக 2023 கடைசியில் செய்தி வந்ததே, அது கிருஷ்ணகிரிக்குச் செல்லாது போல.

எங்களுக்குப் பின்னால் ஒரு பெரியவர், பேத்தியோடு. வேப்பனப்பள்ளிப் பக்கம். பேத்தியிடம் தெலுங்கில் பேசினார், கடைக்காரரும் சட்டென்று தெலுங்குக்கு மாறினார். இந்த ஊரில் கடை வைத்தால் மூன்று நான்கு மொழி இல்லாமல் ஆகாது. பெண்ணுக்குப் பத்து வயது இருக்கும். அவளுக்கு வேண்டியது 18. ஒன்று இருந்தது, எட்டுக்குக் கடைக்காரர் கையை விரித்தார். திங்கட்கிழமைதான் சரக்கு வருமாம். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, அவள் கையைப் பார்த்தேன். எடுத்து வைத்திருந்த நீல ஜெர்சியை அதே மடிப்பில் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள்.

என் மகன் கேட்டான், "கோலியா?"

"இல்ல. ஸ்மிருதி."

"ஃபைனல்ல ஷெஃபாலிதான 87 அடிச்சாங்க?"

"ஸ்மிருதி 45 அடிச்சாங்க. நானும் லெஃப்ட் ஹேண்டுதான்." அப்புறம், யாரும் கேட்காமலே, "நாளைக்கு எங்க ஊர்ல மேட்ச். பசங்க டீம்ல நான் ஒருத்திதான் பொண்ணு" என்றாள்.

இந்தியப் பெண்கள் அணியின் ஸ்மிருதி மந்தனாவின் எண்ணும் 18 என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் நம் பெண்கள் உலகக் கோப்பை ஜெயித்த ராத்திரி எங்கள் தெருவிலும் பட்டாசு வெடித்தது. ஆனால் இந்தக் கடையில் பெண் பிள்ளைகளுக்கென்று தனி வெட்டில் ஒரு ஜெர்சிகூட இல்லை. அவள் எடுத்திருந்ததும் பையன்கள் அளவுதான், தோள் இரண்டு பக்கமும் வழிந்தது. இதைக் கடைக்காரரிடம் நேரிலேயே சொன்னேன். தலையாட்டினார்.

தகடு இறங்கப்போகிற நேரம். "அண்ணா, நில்லுங்க" என்றான் என் மகன். "அந்த எட்ட அவங்களுக்கு ஒட்டிருங்க. எங்கம்மா எனக்கு எட்டு தைச்சுக் குடுப்பாங்க."

என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொங்கலுக்கு 23 ரவிக்கை பாக்கி இருக்கிறது என் மேசையில்!

அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நிஜமா தைப்பீங்களா ஆண்ட்டி?" நான் வேறு என்ன சொல்வது. தைப்பேன் என்றேன். பெரியவர் முப்பது ரூபாயை என் கையில் திணிக்கப் பார்த்தார். "வேணாங்க ஐயா, எட்டுக்கு நாங்க இன்னும் காசே குடுக்கல" என்றதும் மூன்று பேரும் சிரித்தோம். கடைக்காரர் எங்கள் கணக்கில் முப்பதைக் கழித்தார். அவள் ஜெர்சியில் 1-ஐயும் 8-ஐயும் நூல் பிடித்துச் சமன் பார்த்து ஒட்டினார். எங்களுக்கு அவ்வளவு மெனக்கெடவில்லை, பெயர் இடப்பக்கம் ஒரு நூல் சாய்ந்திருந்ததை வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன்.

அன்று ராத்திரி ரவிக்கைகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தேன். ஆரஞ்சு சாட்டின் துண்டு ஒன்று கிடந்தது. மேல் வட்டத்துக்கு என் வளையல், கீழ் வட்டத்துக்கு ஹார்லிக்ஸ் பாட்டில் மூடி. இரண்டும் ஒரே அளவில் இருந்தால் எட்டு தலைகீழாக நிற்பது போலத் தெரியும், கீழ்வட்டம் ஒரு பங்கு பெரிதாக இருக்க வேண்டும். பின்னால் மெல்லிய கேன்வாஸ் ஒட்டி, ஜிக்ஜாக்கில் ஓரம் ஓட்டினேன். பின்னல் துணிக்குச் சாதா ஊசி போட்டால் இழை அறுந்து ஓட்டை விழும், முனை மழுங்கின ஊசிதான் போட வேண்டும். அது எந்த டப்பாவில் இருக்கிறது என்று தேடியதில் அரைமணி நேரம் போயிற்று. அவன் மெஷின் பக்கத்திலேயே தூங்கிவிட்டான்.

இப்போது ஆறு துவையல் ஆகிவிட்டது. ஜெர்சியின் சாயம் போகவில்லை. கடையில் ஒட்டிய பெயரில் இரண்டாவது எழுத்து மூன்றாம் துவையலிலேயே ஓரம் தூக்கிவிட்டது. எடுத்துக்கொண்டு போனேன், காசு வாங்காமல் திரும்ப அழுத்திக் கொடுத்தார். உள்பக்கம் திருப்பித் துவைக்க வேண்டும், ஸ்டிக்கர் மேல் நேராக இஸ்திரி வைக்கக் கூடாது என்று அப்போதுதான் சொன்னார், முதல் நாளே சொல்லியிருக்கலாம். துணிக்கு ஐந்துக்கு நான்கு தருவேன், ஸ்டிக்கருக்கு இரண்டரை. கடைக்காரருக்கு நான்கரை, அந்த அரை, எட்டு வாங்கி வைக்காததற்காகக் குறைத்தது. சிறு பிள்ளைகளுக்கு 28-க்குக் கீழ் அளவு தேடிப் போகாதீர்கள், இல்லை. சாயந்திரம் ஐந்துக்கு மேல் போனால் நிற்க இடம் இருக்காது.

நான் தைத்த எட்டு அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அவன் வகுப்பிலிருந்து நான்கு பிள்ளைகள் எண் தைக்கக் கேட்டு வந்தார்கள். ஒரு எண்ணுக்கு அறுபது ரூபாய் என்று சொல்லி அனுப்பினேன். அதில் இரண்டு பேருக்கு இலவசம் என்று இவன் ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறானாம்.