கறுப்பு கிரனைட் என்று சாயக் கல்லை விற்கிறார்கள்: குசினி திருத்துகிறவர்கள் கவனம்

கொழும்பில் இப்போது குசினி திருத்துகிறவர்கள், பான்ட்ரிக்கு மேலே கறுப்பு கிரனைட் போடுகிற யோசனையில் இருந்தால், அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் இதை ஒருதரம் வாசித்துவிடுங்கள். எங்களிடம் கறுப்பு கிரனைட்டுக்கான காசை வாங்கிக்கொண்டு, சாயம் ஏற்றிய சாம்பல் நிறக் கல்லைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். முறைப்பாடு நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்தால், எந்தக் கடையில் நடந்தாலும் நீங்கள் பிடித்துவிடலாம்.

வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு. பழைய டைல்ஸ் மேடை, இடுக்கெல்லாம் மஞ்சள் ஏறி, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. எங்கள் வீட்டுச் சமையலில் தேசிக்காய், பழப்புளி, கொறுக்காய் இல்லாத நாளே இல்லை. அதனால் மார்பிள் முதலிலேயே தள்ளுபடி. அது சுண்ணாம்புச் சத்துள்ள கல், புளிப்புப் பட்டால் அரித்துவிடும். குவாட்ஸ் என்று விற்பது கல்தூளை ரெசினில் கலந்து அழுத்திச் செய்யும் பலகை. புளிப்பைத் தாங்கும், ஆனால் சூடு 150 பாகையைத் தாண்டினால் ரெசின் நிறம் மாறும் என்பார்கள். அடுப்பிலிருந்து இறக்கும் தாச்சியை அம்மா அப்படியே மேடையில் வைப்பார். அந்த வயதில் போய் அவரை மாற்றச் சொல்ல முடியுமா? பளபளவென்று வெள்ளையாக 'நானோ' என்று காட்டுவது கண்ணாடி வகை. ஓரம் உடைந்தால் உடைந்ததுதான். எல்லாம் பார்த்துத்தான் கறுப்பு கிரனைட் என்று முடிவெடுத்தோம். அந்தத் தெரிவு சரியானதுதான், இப்போதும் சொல்வேன். வந்து சேர்ந்த கல்தான் அது இல்லை.

கடையில் காட்டியது அசல் கல். பின்பக்க யார்டில் நிறுத்தி வைத்திருந்த பெரிய சிலப்பின் (வெட்டாத முழுக் கற்பலகையின்) மேல் கடைக்காரரே தேசிக்காய் பிழிந்து காட்டினார். கதைத்துக்கொண்டிருந்துவிட்டுத் துடைத்தால் ஒரு அடையாளமும் இல்லை. "அக்கா, இது இந்தியாக் கறுப்பு, உங்கட பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் இருக்கும்" என்றார். அதையே எடுக்கிறோம் என்று சொல்லி அட்வான்ஸ் கொடுத்தோம். பில்லில் 'பிளக் ஸ்டோன்' என்று மட்டும் எழுதினார். கல்லின் பெயரையும் தடிப்பையும் எழுதுங்கள் என்று நான் கேட்டேன். "கல் பூட்டினபிறகு முழு பில் தாறன், அளவு கூடிக் குறையும்தானே" என்று பதில். அந்த முழு பில் இன்றுவரை வரவில்லை. லொறியில் வந்ததோ, எங்கேயோ வெட்டி ஓரம் பொலிஷ் பண்ணி முடித்த துண்டுகள். யார்டில் பார்த்த சிலப்பிலிருந்துதான் வெட்டினார்கள் என்று நாங்கள் நம்பினோம். நம்ப வைத்தார்கள்.

முதலில் கண்டது அம்மா. இரவில் இடியப்பத்துக்குச் சொதி வைத்து, இறக்கிய பிறகு தேசிக்காய் விடுவார். அடுப்புக்கு இடப்பக்கம் காயை வெட்டும் இடத்தில் வட்ட வட்டமாகச் சாம்பல் நிறப் புள்ளிகள். சொட்டு விழுந்த அளவிலேயே ஒவ்வொன்றும். நனைத்தால் மறைகிறது, காய்ந்ததும் திரும்ப வருகிறது. விரலால் தடவினால் வழுவழுப்பு அப்படியே இருக்கிறது. மினுக்கம் இருக்கிறது, கறுப்பு மட்டும் இல்லை. மார்பிள் அரித்திருந்தால் மினுக்கமும் போயிருக்கும். அதைப் பார்த்துத்தான் சந்தேகம் வந்தது.

நெயில் பொலிஷ் ரிமூவர் இருக்கிறதல்லவா, அசிட்டோன் உள்ளது. அதை வெள்ளைப் பஞ்சில் நனைத்து, ரைஸ் குக்கர் மறைக்கும் மூலையில் அழுத்தித் தேய்த்தேன். கண் மை துடைத்த பஞ்சு மாதிரிக் கறுத்துப்போய் வந்தது. தேய்த்த இடம் வெளிறிவிட்டது. இயற்கையாகவே கறுப்பான கல்லில் ஒன்றும் வராது, ஏனென்றால் அந்தக் கறுப்பு கல்லின் கனிமங்களுக்குள்ளேயே இருக்கிறது.

அசல் கறுப்பு என்று நாம் வாங்குவது தமிழ்நாட்டில் விழுப்புரம் பக்கத்துக் குன்னம், கர்நாடகத்தில் சாமராஜநகர் போன்ற இடங்களில் வெட்டுவது. வியாபாரத்தில் கிரனைட் என்று சொன்னாலும், புவியியலில் அது கப்ரோ, டொலரைட் வகைப் பாறை. இறுக்கமானது, தண்ணீர் குடிப்பது மிகக் குறைவு, விலையும் அதற்கேற்ப. கரும்சாம்பல் நிறத்தில் இதைவிட மலிவான கற்கள் இருக்கின்றன. அவற்றில் கறுப்புச் சாயமோ எண்ணெயோ ஏற்றி மினுக்கினால், கடை வெளிச்சத்தில் யாராலும் வித்தியாசம் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்து, புளிப்பும் சவர்க்காரமும் படப் படச் சாயம் கழன்று வெளுத்துப்போகும்.

தடிப்பிலும் ஏமாற்று. பேசியது 20 மில்லிமீற்றர். முன் ஓரத்தைப் பார்த்தால் அதைவிடத் தடிப்பாகவே தெரியும். சிங்கில் ஒழுக்கு என்று பிளம்பர் வந்து அதைக் கழற்றியபோதுதான் வெட்டிய வாயில் கல்லின் உண்மையான தடிப்பு தெரிந்தது. அடிமட்டத்தை வைத்துப் பார்த்தால் 15. முன் ஓரத்தில் மட்டும் அடியில் ஒரு பட்டியை ஒட்டித் தடிப்பாகக் காட்டியிருக்கிறார்கள். ஓரத்துக்குப் பட்டி ஒட்டுவது வழக்கமான வேலைதான், அதில் பிழை இல்லை. ஒட்டிய பட்டியைக் காட்டி 20 என்று காசு வாங்குவது களவு.

கடைக்குப் போன் எடுத்தால், முதலில் "நீங்க பாவிக்கிற விதம் சரியில்லை, புளி படவிட்டா எந்தக் கல்லும் இப்படித்தான்" என்றார்கள். தேசிக்காய் பிழிந்து காட்டிய அதே மனுசன்! விடாமல் கதைத்த பிறகு ஒரு பொடியனை அனுப்பினார்கள். லேபல் இல்லாத போத்தல், உள்ளே கறுப்பாக ஏதோ திரவம். துணியில் தொட்டு மேடை முழுக்கத் தேய்த்தான். புள்ளிகள் மறைந்தன, அழகாகவே இருந்தது. மறுநாள் அம்மா துடைத்த துணியில் கறுப்பு ஒட்டியிருந்தது. சாப்பாடு வெட்டிப் பிசைகிற இடம் அது. அந்தப் பொடியனில் கோபமில்லை, அனுப்பிய வேலையைச் செய்துவிட்டுப் போனான். அனுப்பியவரில்தான் கோபம். உங்கள் வீட்டுக்கும் இப்படிப் 'பொலிஷ் பண்ணித் தாறம்' என்று வந்தால் தொட விடாதீர்கள். முறைப்பாட்டுக்கு உங்களிடம் இருக்கும் சாட்சியே அந்தப் புள்ளிகள்தான்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறோம். 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தால் எப்படிக் கொடுப்பது என்று சொல்வார்கள். அந்தச் சபையை அமைத்த 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். பொருள் வாங்கி 3 மாதத்துக்குள் முறைப்பாடு போக வேண்டும் என்பதால், கடைக்காரர் "அடுத்த கிழமை பாப்பம்" என்று இழுத்தடித்தால் காத்திருக்க வேண்டாம். நாங்கள் பஞ்சு, படங்கள், வட்ஸ்அப் செய்திகள் எல்லாம் சேர்த்துக் கொடுத்தோம். காசு இன்னும் திரும்பவில்லை.

இப்போது ஓடர் கொடுக்கப் போகிறவர்களுக்கு: கடையில் காட்டும் கல்லைச் சோதிப்பதில் பாதிப் பயன்தான். நீங்கள் தெரிந்தெடுத்த சிலப்பின் முதுகில் பல இடங்களில் உங்கள் கையெழுத்தைப் போட்டுப் படம் எடுங்கள். வெட்டி வந்த துண்டுகளின் முதுகில் அது இருக்கிறதா பாருங்கள். பூட்டுவதற்கு முன், லொறியில் இருக்கும்போதே அசிட்டோன் பஞ்சை ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள். அப்புறம் பொலிஷ் பண்ணாத வெட்டு முகத்தைத் தண்ணீரால் நனையுங்கள். அசல் கறுப்பு நனைந்தால் மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி இருண்டுவிடும். எங்களுடையது மேலே கறுப்பாக, உள்ளே சாம்பலாகவே நின்றது. பில்லில் கல்லின் பெயர், எந்த நாடு, சிலப்பின் தடிப்பு மில்லிமீற்றரில், 'சாயம் ஏற்றாதது' என்ற ஒரு சொல், இவ்வளவும் அட்வான்ஸ் கொடுக்கும்போதே இருக்க வேண்டும். எழுத மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

சிங்குக்காக வெட்டி எடுக்கும் துண்டையும் கேளுங்கள். அநேகமான இடங்களில் அந்தச் சதுர அடிக்கும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறார்கள், ஆகவே அது உங்கள் சொத்து. எங்கள் துண்டை அவர்களே லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கல்லின் நிறத்தையும் தடிப்பையும் மேடையையோ சிங்கையோ கழற்றாமலே காட்டக்கூடியது அதுதான்.