பெயர் எழுதாத குளிசை உறை: காய்ச்சலுக்குப் பின் அப்பாவின் நுரையீரலில் வளர்ந்த பங்கசு

ஹட்டன் பகுதியில் உள்ள ஒரு தனியார் கிளினிக்கில் எங்கள் அப்பாவுக்கு நேர்ந்ததை, அங்கும் அதுபோன்ற இடங்களிலும் மருந்துக்காக வரிசையில் காத்திருப்பவர்கள் அறிய வேண்டும் என்றே எழுதுகிறேன்.

தென்மேற்குப் பருவமழை தொடங்கிய நாட்களில் நாங்கள் குடியிருக்கும் லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) முழுவதும் இன்ஃபுளுவென்சா காய்ச்சல் பரவியது. அப்பாவுக்கு வயது 62. பல வருடங்களாகச் சீனி வருத்தம் உண்டு. காய்ச்சல் விட்ட பிறகும் இருமல் விடவில்லை. கிளினிக்கில் ஒரு வெள்ளைக் கடதாசி உறையைக் கொடுத்தார்கள். உறையின் மேல் "காலை 6" என்பதைத் தவிர வேறொன்றும் எழுதப்படவில்லை; உள்ளே சின்னஞ்சிறு வெள்ளைக் குளிசைகள். இரண்டே நாளில் பசி எடுத்தது, இருமலும் தணிந்தது. ஆகவே மருந்து முடிந்ததும் மீண்டும் போனோம். "அதையே குடிங்க ஐயா, ஒங்களுக்கு ஒத்துப்போகுது" என்று சொல்லி, நெஞ்சைச் சோதிக்காமலும் சீனியைப் பார்க்காமலும் நான்கு வாரங்களுக்கு அதே உறையைத் தந்தார்கள்.

ஐந்தாவது வாரம் சளியில் இரத்தம் கண்டது. கண்டியில் ஸ்கேன் எடுத்து, நுரையீரலைக் கழுவி எடுத்த நீரைச் சோதித்தபோது, அஸ்பர்ஜிலஸ் என்ற பங்கசு நுரையீரல் திசுவுக்குள் ஊடுருவியிருப்பது தெரியவந்தது. மிஞ்சிய குளிசையைப் பார்த்த வைத்தியர் அது பிரெட்னிசலோன், அதாவது ஸ்டீரொய்ட் என்றார்.

இந்தப் பங்கசின் வித்திகள் உக்கும் இலைகளிலும் கூட்டெருவிலும் உருவாகிக் காற்றில் மிதப்பவை. நாம் அனைவரும் தினமும் அவற்றைச் சுவாசிக்கிறோம். மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் அவற்றை வெளியே தள்ளிவிடும், தப்பிப்பவற்றை வெண்குருதிக் கலங்கள் விழுங்கிவிடும். இன்ஃபுளுவென்சா வைரஸ் அந்த மயிர்கள் உள்ள உட்படலத்தையே சிதைத்து, பங்கசைக் கொல்லும் கலங்களின் வலுவையும் குறைக்கிறது. அந்த நிலையில் ஸ்டீரொய்ட் எஞ்சிய எதிர்ப்பையும் அடக்கி, இரத்தத்தில் சீனியையும் ஏற்றிவிடுகிறது. பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் கடும் இன்ஃபுளுவென்சாவுடன் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இருந்த 432 பேரை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வில், 19 சதவீதமானோருக்கு இந்த நோய் இருந்தது. அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் 90 நாட்களுக்குள் இறந்தனர். அப்பா அந்த அளவுக்குக் கடுமையான நோயாளியாக இருக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. வைரஸ் பலவீனமாக்கியதை அந்தக் குளிசைகள் நான்கு வாரம் தொடர்ந்து பலவீனமாக்கின.

ஸ்டீரொய்டை நான் பழிக்கவில்லை. கொவிட் நோயாளிகளில் ஒட்சிசன் தேவைப்பட்டவர்களின் உயிரை டெக்சாமெதசோன் என்ற ஸ்டீரொய்ட் காத்ததும், ஒட்சிசன் தேவைப்படாதவர்களுக்கு அது பயன் தராததும் 2020இல் பிரித்தானியாவில் நடந்த பரிசோதனையில் உறுதியானவை. யாருக்கு, எத்தனை நாளுக்கு என்று பார்க்காமல், என்ன மருந்து என்றும் சொல்லாமல் கொடுத்ததே எனது முறைப்பாடு.

கொடுக்கப்படும் ஒவ்வொரு குளிசையின் பெயரையும் அளவையும் உறையில் எழுதித் தருமாறு கேளுங்கள். காய்ச்சலுக்குப் பின் இருமல் நீடித்தாலோ, சளியில் இரத்தம் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ பழைய மருந்தை மறுபடி வாங்காமல் பெரிய வைத்தியசாலைக்குப் போங்கள். வாரக்கணக்கில் ஸ்டீரொய்ட் எடுத்தவர்கள் இதைப் படித்துப் பயந்து தாமாகவே திடீரென நிறுத்தவும் கூடாது. அதுவும் ஆபத்து, வைத்தியர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

கிளினிக்கில் கேட்டபோது, அப்பாவுக்குக் கொடுத்த மருந்துகளின் பதிவே இல்லை என்றார்கள். அப்பா இப்போது வொரிகொனசோல் என்ற பங்கசு எதிர்ப்பு மருந்தை எடுக்கிறார். அந்த நான்கு உறைகளையும் வைத்திருக்கிறேன்; முறைப்பாட்டுக் கடிதத்துடன் அவற்றின் பிரதிகளை இணைத்து அனுப்பியிருக்கிறேன்.