கழுத்துக்கு 465 கிராம்: மலைநாட்டுப் பறவைகளுக்கு நிக்கோன் மோனார்க் எம்7 8×30

பறவைக்கென்று துவக்குத் தேடுகிறவர்கள் 12 போர் துவக்கை வைத்துவிட்டு, குழாய் சிறுத்த 20 போரைக் கையில் எடுப்பதற்கு முதற் காரணம் எடை. நாள் முழுக்கச் சுமக்க வேண்டும், தோளில் வைத்துப் பிடிப்பதோ சில விநாடிதான். நமது இலங்கை மலைநாட்டில் அந்தத் துவக்குக்கு வேலையில்லை. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பெரும்பாலான பறவைகளைக் காக்கிறது, காக்கத்தான் வேண்டும். ஆனால் அதே எடைக் கணக்கைப் பைனாகுலருக்குப் போட்டுப் பார்க்கலாம்.

8×30 என்றால் எட்டு மடங்கு பெருக்கம், 30 மில்லிமீற்றர் முன்வில்லை. இந்தச் சிறிய எம்7 சுமார் 465 கிராம். இதன் 8×42 அண்ணன் சுமார் 670. கடையில் கையில் வாங்கும்போது இருநூறு கிராம் பெரிதாகத் தெரியாது. ஹோட்டன் சமவெளியில் உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி என்று சுமார் 9 கிலோமீற்றர் சுற்றி வரும்போது பிடரி சொல்லிவிடும். கனமானது பைக்குள் போகும். பைக்குள் போன பைனாகுலரால் எந்தப் பறவையையும் பார்க்க முடியாது.

பார்வைப் பரப்பு 8.3 பாகை, அதாவது 1000 மீற்றரில் 145 மீற்றர் அகலம். கீனா மரக் கிளைகளுக்குள் தாவிக்கொண்டே இருக்கும் மஞ்சள்காதுக் கொண்டைக்குருவியைப் பிடிக்க இந்த அகலம்தான் உதவும். பத்து மடங்கு வேண்டாமா என்று கேட்பார்கள். சமவெளிக் காற்றில் பத்து மடங்கு கை நடுக்கத்தையும் பத்து மடங்காக்கும், பரப்பும் குறுகும். எட்டே போதும். இலேசான கருவி என்பதால் இதுவும் கொஞ்சம் ஆடும், முழங்கைகளை நெஞ்சோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். 2 மீற்றர் கிட்டத்திலும் குவியம் விழுவதால், தேயிலைச் செடியில் வந்து உட்காரும் வெள்ளைக்கண்ணியின் கண் வளையம் வரை எண்ணிப் பார்க்கலாம்.

இதன் பலவீனம் வெளிச்சம். 30ஐ 8ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 3.75 மில்லிமீற்றர். 42 என்றால் 5.25. பரப்பளவில் இது கிட்டத்தட்ட இரு மடங்கு வித்தியாசம். பகலில் நம் கண்மணியே 2, 3 மில்லிமீற்றருக்குச் சுருங்கிவிடுவதால் அது தெரியாது. ஹோட்டன் சமவெளியின் அரெங்கா குளத்தருகே விடியுமுன் இலங்கைச் சீகாரப் பூங்குருவிக்குக் காத்து நிற்கும்போதும், நுவரெலியா விக்டோரியா பூங்காவின் ஓடைப் புதருக்குள் மாலையில் ஆறுமணிக்குருவியைத் தேடும்போதும் தெரியும். அந்த அரை மணி நேரத்துக்காகவே வருகிறவர்கள் 42ஐ வாங்குங்கள், கனத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி அணிகிறவர்கள் போட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது. கண்ணுக்கும் வில்லைக்கும் இடையே இதில் 15.1 மில்லிமீற்றர்தான் கிடைக்கிறது. மூக்கில் தள்ளி நிற்கும் தடித்த கண்ணாடி என்றால் காட்சியின் ஓரம் வெட்டுப்படும்.

இரு கண்களின் பார்வை வித்தியாசத்தை ஈடுசெய்வது வலக்கண் வளையம், வாங்கியவுடன் அதைச் சரிசெய்ய வேண்டும். வலப் பக்கத்து முன்வில்லையை மூடி, 30 மீற்றர் தள்ளியுள்ள ஓர் இலையை இடக்கண்ணால் நடுச்சக்கரத்தை உருட்டித் தெளிவாக்குங்கள். பிறகு இடப் பக்கத்தை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல் வலது கண்வில்லை வளையத்தை மட்டும் திருப்புங்கள். இந்தச் சிறிய மாதிரியில் அந்த வளையத்துக்குப் பூட்டு இல்லை, உறையிலிருந்து எடுக்கும்போது நகர்ந்துவிடும். சரியான இடத்தில் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்துவிட்டால் கவலையில்லை. நல்ல பைனாகுலரில் தலைவலி வருகிறது என்று சொல்கிறவர்களில் பலர் இதைச் செய்யாதவர்கள்.

உள்ளே நைதரசன் அடைத்திருப்பதால் பட்டிப்பொலப் பனியில் உட்புறம் புகை படியாது. வெளிவில்லையில் படியும், நம் மூச்சுத்தான் காரணம். கண்குவளையை ஒரு படி உயர்த்தி, பைனாகுலரை ஜக்கெற்றுக்கு வெளியே தொங்க விடுங்கள். சட்டை நுனியால் துடைக்கவே வேண்டாம், ஒரு மண் துகள் போதும் வில்லையின் மேற்பூச்சைக் கீற. ஊதி, தூரிகையால் தட்டி, அதன் பிறகே துணி.

மலைநாட்டில் பைனாகுலரைக் கொல்வது மழையை விடப் பூஞ்சணம்தான். தோல் உறையில் போட்டு அலுமாரிக்குள் வைத்தால் வில்லையில் சிலந்தி நூல் போல் படரும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியும், ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் வகைச் சிலிக்கா ஜெல் 100 கிராமும் போதும். நிறம் மாறியதும் ஜெல்லைச் சூடாக்கி உலர்த்திப் போடலாம். அரிசி போடாதீர்கள், மாவுத் தூள் நடுச்சக்கரத்துக்குள் இறங்கும்.

விலை அதிகம்தான். அதற்காக நடைபாதையில் 30×60 என்று அச்சிட்டு விற்பதை வாங்காதீர்கள். முன்வில்லையில் அடிக்கோலை வைத்துப் பாருங்கள், 60 மில்லிமீற்றர் இருக்காது. பழையது வாங்குவதானால் மூன்று சோதனை: முன்பக்கத்திலிருந்து கைபேசி வெளிச்சத்தை அடித்துப் பூஞ்சணம் தேடுங்கள், தூரத்து மின்கம்பியைப் பார்த்து அது இரண்டாகத் தெரிகிறதா என்று கவனியுங்கள், நடுச்சக்கரம் ஒரே இறுக்கத்தில் சுழல்கிறதா பாருங்கள். கம்பி இரண்டாகத் தெரிந்தால் உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடிப் பட்டகம் நகர்ந்திருக்கிறது. விலையைக் குறைத்துக் கேட்டும் பயனில்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.