டோனர் கார் தேடுறவங்க படிங்க: என் ரூ.1,35,000 போன கதை

ஒன்பது நாள் ஆச்சு. ஆத்திரம் இன்னும் அடங்கலை, எழுத்து முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்குங்க. டோனர் காருக்குன்னு, அதாவது உடைச்சு வேற காருக்குப் பாகம் எடுக்கிற பழைய காருக்குன்னு, நான் எண்ணிக் கொடுத்த பணம் ரூ.1,35,000. அதுக்கு வந்தது எங்க வீட்டு வேப்பமரத்தடியில நிக்கிற ஒரு துருப்பிடிச்ச கூடு. டோனர் காரை எப்படிப் பார்த்து எடுக்கணும்னு விவரமா எழுதத்தான் உட்கார்ந்தேன். முதல்ல நடந்ததைச் சொல்லிடுறேன்.

நான் மண்டபம் பக்கம். பதினோரு வருஷமா ஃபைபர் வள்ளம் கட்டுற வேலை. மேட் விரிச்சு ரெசின் தடவுறதுதான் சோறு போடுது. அந்தக் கைவேலையை வச்சே ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் கார் கட்டணும்னு ரொம்ப நாள் ஆசை. 1957-ல லோட்டஸ் செவன்னு ஒரு கார் வந்துச்சு. கூரை கிடையாது, கதவு கிடையாது, ரெண்டே சீட்டு. அந்த மாதிரியை இங்கிலாந்துல இன்னைக்கும் ஆளுங்க வீட்டுக் கொட்டகையில கட்டுறாங்க. ஒரு இஞ்ச் ஸ்கொயர் பைப்ல ஃபிரேம் அடிச்சு, ஏதாவது ஒரு பழைய காரை உடைச்சு அதோட என்ஜின், கியர் பாக்ஸ், ஆக்சில், ஸ்டீயரிங், பிரேக், வயரிங் எல்லாத்தையும் இதுல ஏத்துறது. அந்தப் பழைய கார்தான் டோனர்.

அவங்க பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டை உடைச்சாங்க. என்ஜின் முன்னால நேர்வாக்குல உட்கார்ந்து பின் சக்கரத்தை ஓட்டுற வண்டி அது. நம்ம ஊர்ல ஓடுற சின்ன கார் எல்லாமே கிட்டத்தட்ட முன் சக்கரம் இழுக்கிறதுதான். அதை எடுத்தா என்ஜினை சீட்டுக்குப் பின்னால வைக்கணும், ஃபிரேமே வேற மாதிரி ஆயிடும். பின் சக்கர வண்டின்னு பார்த்தா ஆம்னி, ஈக்கோ, பழைய அம்பாசிடர், கான்டெசா. ஆம்னி 796 சிசி, முப்பத்தஞ்சு குதிரைத்திறன் பக்கம்தான். கான்டெசா 2002-லயே நின்னுபோச்சு, ஒரு ரப்பர் புஷ்ஷுக்கு ஊர் ஊரா அலையணும். பழைய ஈக்கோ பெட்ரோல்ல 1196 சிசி, 73 குதிரைத்திறன், அஞ்சு கியர், புரொபெல்லர் ஷாஃப்ட், பின் ஆக்சில், எல்லாம் ஒரே வரிசையில கிடைக்கும். வண்டி எடை 900 கிலோ கிட்ட. நான் கட்டப்போறது 600-ஐத் தாண்டாது. ஈக்கோதான்னு முடிவு பண்ணினேன். அந்த முடிவு இன்னைக்கும் சரின்னுதான் சொல்லுவேன்.

(ரோட்டுல ஓட்ட முடியாதேன்னு கேட்பீங்க. தெரியும். வண்டியோட அமைப்பை மாத்துறதைத் தடுக்கிற மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவும், 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் சொன்னதும் படிச்சவன்தான். மாமாவோட தென்னந்தோப்புக்குள்ள ஓட்டத்தான் கட்டுறேன்.)

பழைய பொருள் விற்கிற ஒரு செயலியில பார்த்தேன். 2013 ஈக்கோ, டிஎன் 65 நம்பர், பின்பக்கம் அடிபட்டது, 'என்ஜின் கண்டிஷன்'. போட்டிருந்தது ஈ.சி.ஆர். ஓரம் தகரக் கொட்டகை வச்சிருக்கிற ஒரு ஆட்டோ கன்சல்டிங் ஆள். ஞாயித்துக்கிழமை மச்சானோட பைக்ல போனேன்.

அந்த ஆள் என்னைப் பிடிச்ச இடம் இதுதான். நான் கேட்கிறதுக்கு முன்னாடியே குறையைச் சொன்னார். "தம்பி, பின் கதவு போச்சு, பில்லர் வளைஞ்சிருச்சு. ஒளிக்க மாட்டேன். ரோட்டுல ஓட்டவான்னா இந்த வண்டியே உங்களுக்கு வேணாம்"னார். நான் கட்டப்போற காரைப் பத்திச் சொன்னதும் முகம் மலர்ந்துபோச்சு. டீ வரவழைச்சார். ஃபிரேம் படத்தை ஃபோன்ல காட்டினேன், பெருசாக்கிப் பார்த்து, "நம்ம ராம்நாட்டுப் பையன் இப்படிச் செய்யிறான்னா நமக்குத்தான பெருமை"ன்னார். எனக்கு நெஞ்சு நிறைஞ்சுபோச்சு. இத்தனை வருஷத்துல அந்தப் படத்தைப் பார்த்துச் சிரிக்காத முதல் ஆள் அவர்.

ஈக்கோவுல என்ஜின் முன் சீட்டுக்கு அடியில. சீட்டைத் தூக்கிக் காட்டினார். ஒரே சாவியில பிடிச்சது. ஐடில்ல ஓடும்போது மேல நிறுத்தி வச்ச காசு விழாத அளவுக்கு அமைதி. ஆயில் அளவு பார்க்கிற டிப் ஸ்டிக்கை நானே உருவினேன். அதோட மஞ்சள் வளையம் உடைஞ்சு கறுப்பு இன்சுலேஷன் டேப் சுத்தியிருந்துச்சு. ஆயில் தேன் நிறம். பிளாக்ல அடிச்சிருக்கிற என்ஜின் நம்பர் மேல கிரீஸும் மண்ணும் அப்பிக் கிடந்துச்சு. துடைக்கலாமான்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. டீ கொடுத்து உட்கார வச்ச மனுஷன் முன்னால சந்தேகப்படுற மாதிரி ஆயிடுமேன்னு விட்டுட்டேன். அந்த ஒரு நிமிஷத்தோட விலை ரூ.1,35,000.

அன்னைக்கு பத்தாயிரம் அட்வான்ஸ். மறுநாள் ஜிபேயில ஒரு லட்சம். ஒரு நாளைக்கு அதுக்கு மேல போகாது, மீதி இருபத்தஞ்சாயிரத்தை ரொக்கமா கொண்டுபோய்க் கொடுத்தேன். அதுக்குத் துண்டுச் சீட்டு கூடக் கிடையாது. அம்மா பேர்ல போட்ட சீட்டுப் பணம் அது. "புதன்கிழமை டாடா ஏஸ் வச்சு கட்டி இழுத்து நானே அனுப்புறேன், நீங்க அலைய வேணாம்"னார். சரின்னேன்.

புதன்கிழமை வண்டி வந்துச்சு. வியாழன் சாயங்காலம் வேலை முடிச்சு வந்து சீட்டைத் தூக்கினேன். டிப் ஸ்டிக்ல டேப் இல்லை. வளையம் முழுசா, புதுசா இருக்கு. உருவிப் பார்த்தா ஆயில் கருப்பட்டிப் பாகு மாதிரி ஒழுகுது. கை கால் ஓடலை. டீசல் ஊத்தித் துடைச்சு, எமரி பேப்பர் போட்டுத் தேய்ச்சு, டார்ச் அடிச்சு நம்பரைப் படிச்சேன். ஆர்.சி.யில உள்ளதுக்கும் அதுக்கும் கடைசி அஞ்சு எழுத்தும் ஒட்டலை. ஸ்டார்ட் பண்ணினா உள்ள சுத்தியல் அடிக்கிற சத்தம், நீலப் புகை.

அடியில படுத்துப் பார்த்தேன். புதுக் கறுப்புப் பெயின்ட். ஸ்க்ரூ டிரைவரை வச்சு அழுத்தினா அப்பளம் மாதிரி உடைஞ்சு உள்ள போகுது. தரை மேட்டைப் பிய்ச்சதும் மீன் வாடை. ஐஸ் பெட்டி ஏத்தின வண்டி. வருஷக்கணக்கா உப்புத் தண்ணி சொட்டிச் சொட்டி பின் ஆக்சில் ஹவுசிங் வரைக்கும் தின்னிருக்கு. பிரேக் பைப்பைத் தொட்டதும் கையோட வந்துச்சு. ஞாயித்துக்கிழமை நான் குனிஞ்சு பார்க்கலை, என்ஜின் சத்தத்துலயே மயங்கிட்டேன்.

ஃபோன் போட்டேன். முதல் தடவை "மெக்கானிக்கை அனுப்புறேன் தம்பி". ரெண்டாவது தடவை "கல்யாண வீட்டுல இருக்கேன்". மூணாவது தடவை எடுக்கலை. நேர்ல போனா கொட்டகைப் பையன், "அண்ணன் மதுரைக்குப் போயிருக்காக". சனிக்கிழமை மாட்டினார். "நீங்களே கழட்டி மாத்திட்டு என் தலையில கட்டப் பார்க்கிறீகளா?"ன்னு கேட்டார். அப்புறம் சொன்னதுதான் இன்னும் காதுக்குள்ள நிக்குது. "உடைக்கத்தான வாங்குனீக? உடைக்கிற வண்டிக்கு என்ன கேரண்டி?"

உடைக்கத்தான் வாங்கினேன். அதனாலதான் அந்த என்ஜினுக்குக் காசு கொடுத்தேன்! கூட்டுக்கா ரூ.1,35,000 கொடுப்பான் எவனாவது?

செயலிக்காரங்க வாங்குறவரையும் விற்கிறவரையும் சேர்த்து வைக்கிறதோட சரியாம். நாலு தடவை எழுதினேன், நாலு தடவையும் அதே பதில், கடைசியில 'உங்கள் புகார் முடிக்கப்பட்டது'. யாருக்கு முடிஞ்சது? இப்ப என் வாசல்ல இருக்கிற என்ஜின் எந்த வண்டியோடதுன்னே தெரியலை. திருட்டு வண்டியோடதா இருந்தா மாட்டப்போறது நான். ஸ்டேஷன்ல மனு கொடுத்து ரசீது வாங்கிட்டேன், நுகர்வோர் உதவி எண் 1915-லயும் பதிஞ்சாச்சு.

விவரமா எழுதுறேன்னு சொன்னேன், இப்ப மனசு ஓடலை. அவசரத்துக்கு இவ்வளவுதான். காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் ரெண்டையும் துடைச்சு, ஆர்.சி.யைப் பக்கத்துல வச்சு ஃபோட்டோ எடுங்க. அவர் என்ன நினைப்பாரோன்னு பார்க்காதீங்க. முழுப் பணம் கொடுத்த நிமிஷமே வண்டி உங்ககூட வரணும், ஒரு ராத்திரிகூட அவர் கொட்டகையில நிக்கக் கூடாது. ரொக்கம் கொடுக்காதீங்க. லோன் இருந்த வண்டின்னா, லோன் முடிஞ்சதுன்னு ஃபைனான்ஸ்காரர் கையெழுத்துப் போட்ட ஃபாரம் 35 இருக்கான்னு பாருங்க. நம்ம கடற்கரைப் பக்கம் ஓடின ஈக்கோ, ஆம்னின்னா முதல்ல தரை மேட்டைத் தூக்கி மோந்து பாருங்க, அப்புறம் என்ஜினைக் கேளுங்க. புதுக் கறுப்புப் பெயின்ட் இருந்தா ஸ்க்ரூ டிரைவர் இல்லாம நம்பாதீங்க.

ஆக்சில் எப்படிப் பார்க்கிறது, ஈசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) வயரிங்கை அறுக்காம எப்படிக் கழட்டுறதுன்னு எல்லாம் எழுத நினைச்சிருந்தேன். முடியலை. மச்சான் பைக்கோட வாசல்ல நிக்கிறார், மறுபடி அந்தக் கொட்டகைக்குத்தான் போறோம். டேப் சுத்தின டிப் ஸ்டிக்கோட ஈக்கோ என்ஜின் ஒண்ணு உங்க பக்கம் விற்பனைக்கு வந்தா உடனே எனக்குச் சொல்லுங்க. அது என்னோடது.