மூச்சிரைப்புக்குக் காலில் வைத்தியம்: நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி எப்படி?

நாலு படி ஏறினாலே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறவரைப் போய் நடக்கச் சொல்வதா என்று வீட்டில் தயங்குவார்கள். தயங்க வேண்டாம். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு மருந்தோடு கூடவே தைரியமாகப் பரிந்துரைக்கக்கூடிய சேவை இந்த நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி. சிஓபிடி (மூச்சுக்குழாய் அடைப்புள்ள நாள்பட்ட நுரையீரல் நோய்) நோயாளிகளிடம் நடந்த 65 ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-ல் சேர்த்துப் பார்த்த தொகுப்பு, மூச்சிரைப்பும் சோர்வும் குறைவதை உறுதிசெய்தது. ஆனால் பெயர் ஒன்றாக இருப்பதால் எல்லா இடத்திலும் நடப்பது ஒரே பயிற்சி என்று நம்பிவிடக் கூடாது.

முதலில் ஒன்று: இதனால் நுரையீரல் பழையபடி ஆகிவிடாது. ஸ்பைரோமெட்ரி என்கிற மூச்சளவுச் சோதனையில் ஊதிப் பார்த்தால் எண் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். மாறுவது கால் தசை. மூச்சு வாங்குமே என்று பயந்து உட்கார்ந்தே இருந்தால் தொடை இளைக்கிறது. இளைத்த தசை சின்ன வேலைக்கே லாக்டிக் அமிலத்தைச் சேர்த்துவிடும். அதை ஈடுகட்ட மூச்சு வேகமாகும். வேக மூச்சில் காற்று முழுதாக வெளியேறாமல் நெஞ்சிலேயே தங்கும். தசை தேறினால் இந்தச் சுழற்சி தளர்கிறது.

சேவையின் தரம் முதல் நாள் நடைச் சோதனையிலேயே தெரிந்துவிடும். 30 மீட்டர் நேர்ப்பாதை, இரு முனையிலும் அடையாளம், ஆறு நிமிட நடை. அரை மணி ஓய்வுக்குப் பிறகு இன்னொரு முறை நடக்க வைத்து, இரண்டில் அதிகமானதை எடுக்க வேண்டும். பழக்கத்தினாலேயே இரண்டாவது நடையில் தூரம் கூடும் என்பதால் ஒரே தடவை பார்த்த கணக்கு ஏமாற்றும். சோதிப்பவர் பக்கத்தில் பேசிக்கொண்டே நடந்தாலும் கணக்கு கெட்டது. நோயாளி தன் வேகத்தை விட்டு அவர் வேகத்துக்குப் போய்விடுவார்.

இந்தத் தூரம்தான் மருந்தளவு மாதிரி. ஒருவர் 300 மீட்டர் நடந்தார் என்றால் மணிக்கு 3 கிலோமீட்டர். அதில் 80 சதவீதம், அதாவது 2.4-ல் டிரெட்மில்லைத் தொடங்கலாம். வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே வேகம் வைக்கிற இடத்தில் பணம் கட்ட வேண்டாம்.

வாரத்துக்கு இரண்டு நாளாவது மேற்பார்வையில், 6 முதல் 12 வாரம். எட்டு வாரத்துக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. பயிற்சியின்போது 0 முதல் 10 வரையிலான மூச்சிரைப்பு அளவில் 4-லிருந்து 6-க்குள் இருக்க வேண்டும். இரண்டு, மூன்று என்றே சொல்லிக்கொண்டிருந்தால் சுமை ஏற்றும் நேரம் வந்துவிட்டது. பல மையங்கள் சறுக்குவது இங்கேதான்: முதல் வாரத்து வேகமே எட்டாவது வாரத்திலும் ஓடும், பலனும் அங்கேயே நின்றுவிடும். தொடர்ந்து நடக்க முடியாதவருக்கு சைக்கிளில் 30 விநாடி மிதி, 30 விநாடி ஓய்வு என்று பிரித்துக் கொடுக்கலாம். மொத்த வேலை குறையாது, மூச்சு திணறாது.

எடைப் பயிற்சி இல்லாத திட்டம் அரைகுறை. ஒரு சுற்றுக்கு 8 முதல் 12 தடவை; 12 சுலபமாக வந்தால் எடையைக் கூட்டணும். நாற்காலியிலிருந்து எழும்போது பெரும்பாலானவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டே எழச் சொல்லித் தருகிறார்களா என்று கவனியுங்கள்.

பயிற்சியின்போது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 88 சதவீதத்துக்குக் கீழே போனால் நிறுத்தி ஓய்வு தர வேண்டும், அல்லது மருத்துவர் சொன்னபடி ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் நகப்பூச்சிலும் குளிர்ந்த விரலிலும் தவறு காட்டும். நின்ற பிறகும் சில விநாடிகள் எண் இறங்கும்; உடனே கழற்றினால் மிகக் குறைந்த அளவு கண்ணில் படாது. நுரையீரல் தழும்பு நோயில் இறக்கம் இன்னும் செங்குத்தாக இருக்கும்.

மூச்சை இழுத்தால் பந்து மேலே எழும்பும் மூன்று பந்துக் கருவியைக் கொடுத்து இதுதான் மறுவாழ்வு என்றால் நம்பாதீர்கள். அது பெரும்பாலும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆழ மூச்சு இழுக்கப் பழக்குவதற்கு. கால் தசைக்கு ஒன்றும் செய்யாது.

அடங்காத நெஞ்சுவலியோ அண்மையில் மாரடைப்போ இருந்தால் இதய மருத்துவர் அனுமதி வேண்டும். மூச்சுக்குழாயை விரிக்கும் இன்ஹேலரைப் பயிற்சிக்கு 15 நிமிடம் முன்பே எடுத்துக்கொள்ளச் சொல்லும் மையம் விவரமானது. நோய் திடீரென்று தீவிரமாகி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள், வீடு திரும்பிய நான்கு வாரத்துக்குள் பயிற்சியில் சேர்ந்துவிட வேண்டும்.

கடைசி நாளில் அதே பாதை, அதே ஆறு நிமிடம். 30 மீட்டர் கூடினாலே நோயாளியால் உணரக்கூடிய முன்னேற்றம். எங்களுக்கு இந்தச் சேவையில் இருக்கும் பெரிய மனக்குறை இதற்குப் பிறகுதான்: கைகுலுக்கி அனுப்பிவிடுகிறார்கள். வீட்டில் விட்டுவிட்டால் 6 முதல் 12 மாதத்தில் பலன் கரைந்துவிடும். என்ன வேகம், எத்தனை நிமிடம், எவ்வளவு எடை, எப்போது கூட்டுவது என்று எழுதிய தாளைக் கேட்டு வாங்காமல் கிளம்பாதீர்கள்.