கிளட்ச் பெடலில் விர்ரென்று ஓர் அதிர்வு: கியர்பாக்ஸை இறக்கும் முன்பே காரணத்தைப் பிடித்த அனுபவம்

எங்கள் கார் 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். ஐந்து கியர் மேனுவல், ஹைட்ராலிக் கிளட்ச், அதாவது கேபிளுக்குப் பதில் ஆயில் தள்ளி வேலை செய்வது. கோவையில் ஊருக்குள் ஆபீஸ் ஓட்டம், அவ்வப்போது மேட்டுப்பாளையம் வழியாகக் கோத்தகிரி. எழுபதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டியதும் மலை ஏற்றத்தில் கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. கிளட்ச் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதித்தால் அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாக மாற்றினோம். வழுக்கல் போய்விட்டது. ஆனால் வண்டியை எடுத்து வந்த நாளிலிருந்தே, வேகமெடுத்துக் கியர் மாற்றக் காலை வைத்தால் பெடல் உள்ளங்காலில் விர்ரென்றது. 2,000 ஆர்.பி.எம்.மில் (என்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்) தொடங்கும், 2,400-ஐ ஒட்டி உச்சத்துக்குப் போகும், 3,000-க்கு மேல் கொஞ்சம் அடங்கும். ஸ்டியரிங்கில் ஒன்றும் இல்லை, கியர் ராடிலும் இல்லை, தரையிலும் இல்லை. பெடலில் மட்டும்தான்.

கேட்ட இடத்திலெல்லாம் ஒவ்வொரு பதில் கிடைத்தது. புது கிளட்ச், ஓட ஓடச் சரியாகிவிடும் என்றார் ஒருவர். என்ஜினைப் பாடியோடு தாங்கும் ரப்பர் மவுண்ட் போயிருக்கும் என்றார் இன்னொருவர். மூன்றாமவர், "இறக்கிப் பாத்தா தெரிஞ்சிரும்ங்ண்ணா" என்று முடித்துவிட்டார். அந்த மூன்றாவது பதில்தான் எனக்குப் பிடிக்கவில்லை. கியர்பாக்ஸை இறக்குவது முக்கால் நாள் வேலை. கியர் ஆயிலை வடிக்க வேண்டும், சக்கரங்களுக்குப் போகும் ஆக்சில் ஷாஃப்ட்களை உருவ வேண்டும், உருவும்போது சீல் அடிபடாமல் பார்க்க வேண்டும். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் இறக்கினால், கண்ணுக்குத் தெரிவதை மாற்றிவிட்டு மறுபடி ஏற்றிவிடுவார்கள். காரணம் உள்ளேயே இருக்கும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வண்டி நகர ஆரம்பிக்கும்போது, கிளட்சை விட விட மொத்தக் காரும் உதறுவது வேறு. அது கிளட்ச் பிளேட்டில் எண்ணெய் பட்டிருந்தாலோ, என்ஜினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீல் சூடேறித் திட்டுத் திட்டாகக் கறுத்திருந்தாலோ வரும். மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குவதும் வேறு, அது லைனில் காற்று. இங்கே பேசுவது மிதித்த காலுக்குக் கீழே பெடல் மட்டும் நடுங்குவதைப் பற்றி. மெக்கானிக்கிடம் "கிளட்ச் வைப்ரேஷன்" என்று மட்டும் சொன்னால் மூன்றையும் ஒன்றாகத்தான் எடுத்துக்கொள்வார். எப்போது வருகிறது, எங்கே வருகிறது என்று பிரித்துச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

பெடலுக்கு நடுக்கம் எந்த வழியில் வரலாம்? பெடலை மிதித்தால் பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலைத் தள்ளுகிறது. அந்த ஆயில் கியர்பாக்ஸ் பக்கமுள்ள ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ள, அது ஃபோர்க் என்ற நெம்புகோலைத் தள்ள, ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கைக் கொண்டுபோய் பிரஷர் பிளேட்டின் நடுவில் வட்டமாக நிற்கும் ஸ்பிரிங் விரல்களின் மேல் அழுத்துகிறது. ஆயில் அமுங்காது. அதனால் இந்தப் பாதை இரண்டு பக்கமும் வேலை செய்யும். விரல்களின் முனைகள் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால், என்ஜின் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் பேரிங் ஒருமுறை பின்னால் தள்ளப்படும். அந்தத் தள்ளல் ஆயில் வழியே நேராகக் காலுக்கு வந்துவிடும். சில கார்களில் கிளட்ச் பைப்பின் நடுவே இதைக் குறைப்பதற்கென்றே, அதிர்வை உறிஞ்சும் ஒரு டேம்பர் வைத்திருப்பார்கள். வயர் கிளட்ச் உள்ள வண்டியில் கேபிள் இதில் கொஞ்சத்தை விழுங்கிவிடும். ஆனால் கேபிள் எங்காவது உரசினால் அதுவே தனி நடுக்கத்தைக் கொண்டுவரும்.

இனி சோதனைகள். எல்லாம் வண்டி நின்றபடியே, சமமான தரையில், நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டுச் செய்தவை.

பெடலைத் தொடாமல் 2,400-க்கு ஏற்றிப் பார்த்தேன். உள்ளே ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. காலைச் சும்மா பெடல் மேல் வைத்தேன், லேசாக விர்ரென்றது. கிளட்ச் எடுக்கும் இடம் வரை மிதித்தால் நன்றாகவே நடுங்கியது. முழுக்க மிதித்துப் பிடித்தாலும் நடுக்கம் போகவில்லை. இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். முழுக்க மிதித்துச் சில நொடிகள் பிடித்தால் கிளட்ச் பிளேட்டும், அதிலிருந்து கியர்பாக்ஸுக்குள் போகும் இன்புட் ஷாஃப்டும் சுற்றுவதை நிறுத்திவிடும். அதற்கப்புறமும் சுற்றிக்கொண்டிருப்பவை என்ஜின், ஃப்ளைவீல், அதில் போல்ட் செய்த பிரஷர் பிளேட், அதன் மேல் அழுந்தியிருக்கும் ரிலீஸ் பேரிங், இவ்வளவுதான். ஆக, கியர்பாக்ஸின் உள்பக்கம் சந்தேகப் பட்டியலிலிருந்து போய்விட்டது. ரோட்டில் மூன்றாவது கியரிலும் நான்காவது கியரிலும் அதே ஆர்.பி.எம்.மில்தான் அதே நடுக்கம் வந்தது, வண்டியின் வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆக்சிலும் சக்கரமும் அத்தோடு போயின.

அடுத்தது போன். ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்று ஓர் இலவச ஆப் இருக்கிறது. போனில் உள்ள சென்சார்களை வைத்து இயற்பியல் சோதனைகள் செய்வதற்கானது. அதில், அதிர்வை வாங்கி, அது நொடிக்கு எத்தனை முறை என்று கோடாகப் பிரித்துக் காட்டும் வசதியும் உண்டு. போனைப் பெடல் தண்டில் டேப்பால் இறுக்கிக் கட்டினேன். பெடலுக்கு அடியில் விழுந்து மாட்டாத மாதிரி கட்ட வேண்டும், வண்டியை ஓட்டும்போது இதைச் செய்யவே கூடாது. நான் ஆர்.பி.எம்.மைப் பிடிக்க, மனைவி வெளிச்சமில்லாத அந்தக் கால்மூலையில் குனிந்து திரையைப் படித்துச் சொன்னார்.

கணக்கு எளிது. 2,400 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு 40 சுற்று. நான்கு சிலிண்டர் என்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிப்பு நடக்கும், எனவே எரிப்பினால் வரும் அதிர்வு நொடிக்கு 80. மவுண்ட் போயிருந்தால் என்ஜினின் எரிப்பு அதிர்வு பாடிக்கு வரும், 80-ல் கோடு உயர்ந்து நிற்க வேண்டும். சுற்றும் பொருள் ஏதோ ஒன்று சாய்ந்திருந்தால் 40-ல் நிற்க வேண்டும். எங்கள் பெடலில் 40-ல் ஒரே ஒரு கோடு, மற்றதெல்லாம் அதன் காலடியில். 2,100-க்கு இறக்கினால் கோடு 35-க்கு நகர்ந்தது, 1,800-ல் 30-க்கு வந்தது. ஆர்.பி.எம்.மோடு ஒட்டிக்கொண்டே நகர்ந்ததால், எங்கோ லூஸாகக் கிடக்கும் பைப்போ கிளிப்போ தன் பாட்டுக்கு ஆடுவது இல்லை என்பதும் தெரிந்தது. ஒரு விஷயம்: பல போன்களில் சென்சார் நொடிக்கு 200 அளவுதான் எடுக்கும், அதனால் 100 வரைதான் நம்பிப் படிக்கலாம். 2,400-ஐத் தாண்டாமல் சோதித்தது அதற்காகத்தான்.

இன்னொன்றும் பார்த்தோம். ஃப்ளைவீலில் பேலன்ஸ் குறைந்திருந்தாலும் சுற்றுக்கு ஒருமுறைதான் உதறும், அதுவும் 40-லேயே காட்டும். ஆனால் அது மொத்த என்ஜினையும் உலுக்கும், பெடலைத் தொடாவிட்டாலும் தெரியும். போனைத் தரையிலும் கியர் ராடுக்குப் பக்கத்திலும் வைத்துப் பார்த்தால் அங்கே 40-ல் பெரிதாக ஒன்றுமில்லை. ஆக, பக்கவாட்டு உதறல் இல்லை. ஸ்பிரிங் விரல்கள் முன்னும் பின்னும் ஆடுகின்றன என்று முடிவுக்கு வந்தோம்.

இதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். கோவை கணபதி பகுதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர், மிகச் சிறிய உயர வித்தியாசத்தையும் முள்ளால் காட்டும் டயல் கேஜைக் காந்த ஸ்டாண்டோடு கொடுத்திருந்தார். கியர்பாக்ஸ் இறங்கியதும் பிரஷர் பிளேட்டைக் கழற்ற விடவில்லை. டயல் கேஜை என்ஜின் பிளாக்கின் முகத்தில் நிறுத்தி, முன்பக்கப் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு என்ஜினைக் கையால் மெல்லத் திருப்பி, விரல் முனைகளை ஒவ்வொன்றாக அளந்தோம். உயரமான விரலுக்கும் தாழ்ந்த விரலுக்கும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம். நான் பார்த்த சர்வீஸ் மேனுவல்களில் இதற்கான வரம்பு அரை மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கிறது.

அதைவிட முக்கியம், அந்த வித்தியாசம் எப்படி இருந்தது என்பது. ஒரு விரல் மட்டும் தூக்கிக்கொண்டு நின்றால் அது வளைந்த விரல், பிரஷர் பிளேட் புதிதாக வேண்டும். இங்கே ஒரு பக்கம் உயரம், படிப்படியாகக் குறைந்து நேர் எதிர்ப்பக்கம் தாழ்வு. பிரஷர் பிளேட் தட்டு மொத்தமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். மெக்கானிக் அதைப் பார்த்ததும் கையிலெடுத்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு டார்ச் அடித்து ஓரத்தைப் பார்த்தார்.

போல்ட்களைக் கழற்றியதும் தெரிந்தது. பிரஷர் பிளேட்டைச் சரியாக நடுவில் நிறுத்த ஃப்ளைவீலில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு முளைகளான டவல் பின்களில் ஒன்றின் பக்கத்தில், ஃப்ளைவீல் விளிம்பில் உளி பட்ட மாதிரி ஒரு வடு. வடுவைச் சுற்றி இரும்பு பிசிறாக எழும்பியிருந்தது. தட்டின் அடியில் அதே இடத்தில் பளபளவென்று ஒரு தேய்ந்த புள்ளி. போன முறை பழைய தட்டை நெம்பி எடுத்தபோது விழுந்திருக்கலாம். நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவு பிசிறுதான். ஆனால் சாய்ந்து உட்காரும் தட்டை ஒரு பக்கத்திலிருந்து வரிசையாக இறுக்கிக்கொண்டு போனால் அதன் வெளிக் கவர் அப்படியே முறுக்கிக்கொண்டு பூட்டிவிடும்.

பிசிறை ஆயில் ஸ்டோன் என்ற சாணைக்கல்லால் தேய்த்து மட்டமாக்கினோம். ஃப்ளைவீல் முகத்தையும் டயல் கேஜில் சுற்றிப் பார்த்தோம், ஆட்டம் 0.1 மில்லிமீட்டருக்குள் இருந்தது, அதைத் தொடவில்லை. அதே பிரஷர் பிளேட், அதே கிளட்ச் பிளேட். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் ஓட்டி, எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, கடைசியில் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் மேனுவல் சொன்ன அளவுக்கு மெக்கானிக் முடித்தார். கியர்பாக்ஸை ஏற்றும் முன் விரல்களை மறுபடி அளந்தோம், வித்தியாசம் அரை மில்லிமீட்டருக்கு நன்றாகக் கீழே இறங்கியிருந்தது. செலவானது லேபர், கியர் ஆயில், இரண்டு ஆக்சில் சீல். பிரேக் ஆயிலையும் டாட் 4 ரகத்தில் புதிதாக ஊற்றி லைனில் காற்று எடுத்துவிட்டோம். அது நடுக்கத்துக்காக இல்லை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதுதான், ஈரத்தை இழுக்கும் ஆயில் அது.

ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டியாகிவிட்டது. கோத்தகிரி கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் மாறி மாறிப் போட்டாலும் பெடல் அமைதியாக இருக்கிறது. காலைக் குளிரில் முதல் ஸ்டார்ட்டில் காலை வைத்தால் மிக லேசான ஓர் உணர்வு உண்டு, சூடானதும் போய்விடும். போனில் அளந்தால் 40-ல் இருந்த கோடு மற்ற கோடுகளோடு கலந்து நிற்கிறது. நான் கவனிப்பது ரிலீஸ் பேரிங்கைத்தான். சாய்ந்த தட்டின் மேல் அத்தனை காலம் அழுந்திச் சுற்றியது அது. பெடலை லேசாகத் தொட்டதும் ஊளையிடும் சத்தம் கேட்டால் மாற்றிவிட வேண்டியதுதான், இதுவரை கேட்கவில்லை.

இதே முறையை ஆபீஸ் நண்பர் ஒருவருடைய மூன்று சிலிண்டர் காரில் செய்து பார்த்தோம். அவருக்கும் பெடல் நடுக்கம்தான், ஆனால் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது, ஏசி போட்டால் அதிகம். மூன்று சிலிண்டருக்குச் சுற்றுக்கு ஒன்றரை எரிப்பு. 1,000 ஆர்.பி.எம்.மில் சுற்று நொடிக்கு 17-ஐ ஒட்டி, எரிப்பு 25. அவர் பெடலில் கோடு 25-ல் நின்றது, தரையிலும் சீட் ரெயிலிலும் அதே 25. கிளட்ச் பக்கமே போகத் தேவையில்லை என்று தெரிந்துவிட்டது. அடியில் படுத்துப் பார்த்தால் கியர்பாக்ஸை அடிச்சட்டமான சப்ஃபிரேமோடு பிடித்திருக்கும் கீழ் மவுண்டின் ரப்பர் பிளந்து தொங்கியது. மாற்றியதும் நின்றது. அவருக்கும் ஓரிடத்தில் முழு கிளட்ச் செட்டுக்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

டீசல் வைத்திருப்பவர்கள் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பல டீசல்களில் ஃப்ளைவீல் இரண்டு தட்டாக, நடுவே ஸ்பிரிங் வைத்து வரும். அது தளர்ந்தால் என்ஜினை அணைக்கும் நொடியில் கடகடவென்று சத்தம் வரும், பெடலிலும் நடுக்கம் காட்டலாம். அதன் விலை அதிகம் என்பதால், கியர்பாக்ஸை இறக்கினால் அந்த இரண்டு தட்டுக்கும் இடையே உள்ள ஆட்டத்தைக் கூட இருந்து அளக்கச் சொல்லுங்கள். மேனுவலில் அளவு இருக்கும். அளவுக்குள் இருந்தால் மாற்ற விட வேண்டாம்.