இடப்பக்க நட்டு தெரிந்த பட்டறை

பினாங்கில் பழைய லோரியைச் சரிசெய்ய நல்ல பட்டறை எது என்று யாராவது கேட்டால் இனி நான் ஒரே இடத்தைத்தான் சொல்வேன். புக்கிட் மெர்தாஜாமில், ரயில் தண்டவாளத்தை ஒட்டிப் போகும் ஒரு சின்னச் சாலையின் கடைசியில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. தகரக் கூரை, வாசலில் ஒரு மாமரம், அதன் அடியில் எப்போது போனாலும் கழற்றி வைத்த இரண்டு லோரித் தலைகள். 14 மாதம் அங்கே போய்வந்திருக்கிறேன். அதனால் நல்லது கெட்டது இரண்டையும் சொல்ல முடியும்.

முதலில் வண்டியைப் பற்றி. அப்பா 1970களில் சுங்கை பாக்காப் பக்கம் ஒரு கித்தா (ரப்பர்) தோட்டத்தில் மரப்பால் ஏற்றும் லோரி ஓட்டினார். பெட்ஃபோர்ட், ஜே வரிசை, முன்னால் மூக்கு நீண்ட லோரி. நான் பிறப்பதற்கு முன்பே அந்த வண்டி போய்விட்டது, தோட்டமும் செம்பனைக்கு மாறிவிட்டது. ஆனால் வீட்டில் அந்த லோரியின் பேச்சு மட்டும் ஓயவே இல்லை. எனக்குப் பட்டர்வொர்த்தில் ஒரு பூச்செடித் தோட்டம் இருக்கிறது. சட்டி, மண், செடி ஏற்ற ஒரு லோரி தேவைப்பட்டது. புது வண்டிக்குத்தான் காசு சேர்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் கூலிம் போகும் வழியில் பழைய தண்ணீர்த் தொட்டி தேடி ஓர் இரும்புக் கடைக்குப் போனேன். அப்பாவும் கூட வந்தார். கடையின் பின்பக்கம் காய்ந்த செம்பனை மட்டைகள் மலைபோல் கிடந்தன. அதற்கு அடியிலிருந்து ஒரு மட்கார்டு மட்டும் எட்டிப் பார்த்தது. அப்பா நேராக அங்கே போய் மட்டைகளை இழுத்துப் போட ஆரம்பித்தார். 79 வயது அவருக்கு. பானட்டின் பக்கவாட்டைத் தடவியபடி, "பெட்ஃபோர்ட்டுமா" என்றார். டிரைவர் சீட்டு இருந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்குப் பெரணி வளர்ந்திருந்தது. கடைக்காரர் 8,000 வெள்ளி (ரிங்கிட்) சொன்னார், 6,500க்கு முடித்தோம். அவரிடம் கிரான் (வண்டியின் உரிமை ஆவணம்) பத்திரமாக இருந்ததால்தான் வாங்கினேன். பழைய வண்டி பார்க்கப் போகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: சேசிஸ் நம்பரைச் சுரண்டிப் பார்த்து, கிரானில் உள்ள நம்பரோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுவிட்டுத்தான் காசை எடுக்க வேண்டும். எஞ்சின் நம்பரும் அப்படியே. வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

பெட்ஃபோர்ட் என்பது இங்கிலாந்து வாக்ஸால் நிறுவனம் தன் லோரிகளுக்கு வைத்த பெயர். 1931லிருந்து ஓடிய பெயர். ஜே வரிசை 1958இல் வந்தது. 1986இல் வாக்ஸாலின் உரிமையாளரான ஜெனரல் மோட்டார்ஸ் அந்த லோரித் தொழிலை விட்டு விலகிவிட்டது. டன்ஸ்டபிளில் இருந்த தொழிற்சாலையை அடுத்த ஆண்டு வேறொருவர் வாங்கி நடத்தினார், 1992இல் அதுவும் நொடித்துப் போனது. ஆகவே இன்றைக்கு எந்தக் கடைக்கும் நேராகப் போய் இதற்கு ஒரு பாகம் கொடு என்று கேட்க முடியாது. பட்டறையின் தேர்ச்சிதான் எல்லாம்.

இது எனக்குத் தெரிய ஒரு தண்டம் கட்ட வேண்டியிருந்தது. முதலில் லோரியை வேறோர் இடத்துக்குக் கொண்டு போனேன். பெயர் வேண்டாம். பளபளவென்ற இடம், கம்ப்யூட்டர் பில், குளிர்சாதன அறை. 3,000 வெள்ளி முன்பணம் வாங்கினார்கள். இரண்டே நாளில் முன் இடப்பக்கச் சக்கரத்தில் நான்கு போல்ட்டு உடைந்துவிட்டதாகப் படம் அனுப்பினார்கள். துருப்பிடித்து இறுகிவிட்டதாம். அப்புறம், "இந்த எஞ்சின் உங்களுக்குச் சோறு போடாது, ஜப்பான் டீசல் எஞ்சின் ஒன்றை இறக்கித் தருகிறோம்" என்றார்கள். நான் வண்டியை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

புக்கிட் மெர்தாஜாம் பட்டறை அண்ணனிடம் அந்தச் சக்கரத்தைக் காட்டினேன். அறுபது வயது இருக்கும். எதுவும் பேசாமல் உள்ளே போய் ஒரு பித்தளைத் தூரிகை எடுத்து வந்தார். உடையாமல் மிச்சமிருந்த ஒரு போல்ட்டின் முனையைத் தேய்த்தார். கறுப்புத் துரு உதிர்ந்து, உள்ளே ஓர் எழுத்து மெல்லத் தெரிந்தது. 'எல்'. "பாத்தீங்களா தங்கச்சி, இது இடப்பக்க மரை. மத்த நட்டு மாதிரி இடப்பக்கமாத் திருப்பினா இறுகும். அவன் நட்டு திருகுற காத்துத் துப்பாக்கிய வச்சு இறுக்கி இறுக்கியே ஒடச்சிருக்கான்" என்றார். அந்தக் காலத்து இங்கிலாந்து லோரிகளில் இடப்பக்கச் சக்கரத்துக்கு மரை தலைகீழாக இருக்கும். சக்கரம் சுழலச் சுழல நட்டு தளர்ந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்தார்கள். அவர் ஒரு நீளக் குழாயை ஸ்பானரில் மாட்டி வலப்பக்கமாக அழுத்தினார். ஒரு 'கிர்ரக்' சத்தம், நட்டு கழன்றுவிட்டது. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

அவரிடம் அங்குலக் கணக்கு ஸ்பானர் மூன்று பெட்டி இருக்கிறது. மில்லிமீட்டர் ஸ்பானரை இந்த லோரிப் பக்கமே கொண்டு வர விடமாட்டார். பையன் ஒருவன் 13 மில்லிமீட்டரில் அரை அங்குல நட்டைத் திருக முயன்றபோது அவர் போட்ட சத்தம் எனக்கே நடுக்கமாக இருந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. அந்த மெல்லிய இடைவெளியில்தான் நட்டின் முனைகள் மழுங்கிப் போகும், அப்புறம் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

எஞ்சினைப் பற்றி அவர் கேட்டது ஒரே கேள்வி. "தினம் எவ்வளவு தூரம் ஓடும்?" வாரத்துக்கு இரண்டு நடை, அதிகம் போனால் 60 கிலோமீட்டர் என்றேன். அப்படியானால் டீசல் வேண்டாம் என்றார். ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், 214 கன அங்குலம், நம் கணக்கில் சுமார் மூன்றரை லிட்டர். பெட்ரோல் குடிக்கும், அதை மறைக்கவில்லை. ஆனால் வேறு எஞ்சின் போட்டால் கியர்பாக்ஸை மாற்ற வேண்டும், தாங்கியை வெட்டி ஒட்ட வேண்டும், கிரானில் எஞ்சின் நம்பரை மாற்ற அலைய வேண்டும். இந்த எஞ்சினின் பிளாக் விரிசல் இல்லாமல் இருந்தது. அதை விட்டுவிட அவருக்கு மனமில்லை, எனக்கும் இல்லை. எஞ்சின் மாற்றினால் அவருக்குக் கூலி இரண்டு மடங்கு வந்திருக்கும். அதை வேண்டாம் என்று சொன்ன ஆளை நான் நம்புகிறேன்.

எஞ்சினைத் தொடும் முன் பிரேக்கை எடுத்தார்கள். ஓடுவதற்கு முன் நிற்கக் கற்றுக்கொள்ளட்டும் என்பது அங்கே வழக்கம். டிரம்மைத் திறந்தபோது காற்றுக் குழாயை யாரும் எடுக்கவில்லை. தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டினார்கள். பழைய பிரேக் பட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அந்தத் தூள் நுரையீரலுக்குப் போனால் வெளியே வராது. எத்தனையோ பட்டறைகளில் அந்தத் தூளை ஊதித்தள்ளுவதைப் பார்த்திருக்கிறேன். இதை ஒரு தகரக் கொட்டகையில் செய்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய மரியாதையை உண்டாக்கியது. வீல் சிலிண்டர் எட்டும் துருவில் ஒட்டிக் கிடந்தன. ஐந்தைத் தேய்த்து மீட்டார்கள், மூன்றுக்கு உள்ளே புதுக் குழல் போட்டார்கள். ரப்பர் மட்டும் இங்கிலாந்திலிருந்து வந்தது, ஏழு வாரம் ஆனது. முன் அச்சில் சக்கரம் திரும்பும் ஆணியான கிங்பின் இரண்டும் தேய்ந்து ஸ்டீயரிங் ஆடியது. அதற்குப் பித்தளைப் புஷ்ஷைப் பக்கத்து லேத் பட்டறையில் கடைந்து வாங்கினார்கள்.

ஈயம் கலந்த பெட்ரோல் ஓடிய காலத்து எஞ்சின் இது. அந்த ஈயம்தான் வால்வுக்கும் அது உட்காரும் இடத்துக்கும் நடுவில் மெத்தை மாதிரி இருந்தது. இன்றைய பெட்ரோலில் ஈயம் கிடையாது, நாளடைவில் புகைப்பக்க வால்வு இரும்பைத் தின்றுகொண்டே உள்ளே இறங்கும். ஹெட்டைக் கழற்றியதும் அந்த ஆறு வால்வுக்கும் கெட்டி எஃகு வளையம் போட்டார்கள். இதை நான் கேட்கவே இல்லை. 780 வெள்ளி பில்லில் சேர்ந்தது. முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்பது என் வருத்தம், ஆனாலும் செய்தது நியாயமான வேலை.

முதல் முறை ஸ்டார்ட் பண்ணிய நாளில் பெட்ரோல் டேங்க் இன்னும் கழுவி முடியவில்லை. ஒரு மினரல் வாட்டர் போத்தலில் பெட்ரோலை ஊற்றித் தலைகீழாக மாமரக் கிளையில் கட்டி, மெல்லிய குழாயைக் கார்புரேட்டருக்கு இழுத்தார்கள். நான்காவது முறை உருண்டு பிடித்தது. வெள்ளைப் புகை கொட்டகை முழுக்க. அப்பா நாற்காலியை எஞ்சினுக்கு அருகில் இழுத்துப் போட்டு, கண்ணை மூடிக் கேட்டார். "தம்பி, மூணாவது டேப்பட் சத்தம் போடுது" என்றார். அண்ணன் மூடியைத் திறந்து, வால்வைத் தள்ளும் அந்த டேப்பட்டின் இடைவெளியை அளந்து பார்த்தார். "ஐயா சொல்றது சரி" என்று தலையாட்டிவிட்டு அதைத் திருத்தினார்.

பெயின்ட் வேலை ஒரு சீன அங்கிளுடையது. தோட்டத்துக் கடை ஒன்றில் வளர்ந்தவராம், நம்மைவிடத் தெளிவாகத் தமிழ் பேசுகிறார். கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடத்தை ஈரமாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் காட்டினார். மேலே பச்சை, அடியில் நீலம், அதற்கும் அடியில் சிவப்பு, கடைசியில் மஞ்சள் கலந்த பழுப்பு அடிப்பூச்சு. மரத்தை அறுத்தால் வளையம் தெரிகிற மாதிரி. சிவப்பின் மேல் வெள்ளையில் ஒரு எண்ணின் பாதி தெரிந்தது, யாரோ ஒரு தோட்டம் போட்ட லோரி நம்பர். அந்த இடத்தை மட்டும் அப்படியே வார்னிஷ் பூசி விடச் சொன்னேன். மற்றதெல்லாம் சிவப்பு. பின்பக்கப் பெட்டி மெலிந்து இற்றுப்போயிருந்தது, செங்கால் மரத்தில் புதிதாக அடித்தார்கள். கனமான பலகை, ஆணி இறங்கவே மறுக்கும், ஓட்டை போட்டுத்தான் போல்ட்டு முடுக்கினார்கள்.

இப்போது குறைகள். கணக்கு எழுதுவதில் இந்தப் பட்டறை மிக மோசம். பில் ஒரு சிகரெட் பெட்டி அட்டையின் பின்பக்கம். நான் ஒரு நோட்டுப்புத்தகம் வாங்கிக் கொடுத்து, ஒவ்வொரு சனிக்கிழமையும் நானே எழுதிக் கையெழுத்து வாங்கினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். சொன்ன காலம் ஆறு மாதம், ஆனது 14. நடுவில் இரண்டு மாதம் என் வண்டியைத் தொடவே இல்லை, அவசர வேலை என்று வேறொரு லோரி முன்னால் போய்விட்டது. போன் எடுக்கமாட்டார், நேரில்தான் போக வேண்டும். முன் கண்ணாடி ரப்பரில் மழைத்தண்ணீர் இன்னும் கசிகிறது. சாயங்கால மழைக்கு என் வலது முழங்கால் நனையாத நாள் இல்லை. மொத்தம் 27,400 வெள்ளி, டயர் தனி. டயருக்குக் கவலை இல்லை, பதினாறு அங்குலம், இந்த ஊர்ச் சின்ன லோரிகளுக்கு ஓடுவதுதான்.

புஸ்பாகோம் நிறுவனத்தின் வாகனச் சோதனையில் முதல் முறை ஹேண்ட்பிரேக் ஒரு பக்கம் குறைவாகப் பிடித்தது, தேறவில்லை. அண்ணன் அன்று சாயங்காலமே கேபிளைச் சரிசெய்தார், காசு வாங்கவில்லை. மறுமுறை தேறியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவை ஏற்றிக்கொண்டு பினாங்குப் பாலம் வழியாகத் தீவுக்குப் போனோம். அவர் ஓட்டிய காலத்தில் பாலம் கிடையாது, அது திறந்தது 1985இல்தான். லோரியைப் பெரிப் படகில் ஏற்றி, சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்து நின்ற கதையைத்தான் எப்போதும் சொல்வார். இப்போதைய பெரியில் காரும் லோரியும் ஏற முடியாது, மோட்டார் சைக்கிளுக்கும் ஆளுக்கும்தான். பாலத்தின் 13.5 கிலோமீட்டரும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கியரைக் குறைக்கும்போதெல்லாம் அவருடைய இடது காலும் கிளட்ச் இருக்கும் இடத்தில் இரண்டு முறை மிதித்தது. லெபோ பசாரில் நிறுத்தி இறங்கியதும், "இன்னும் கொஞ்சம் மெதுவா விடணும் கிளட்ச்ச" என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: சனிக்கிழமை காலை ஒன்பதுக்குப் போனால் அண்ணனைப் பிடிக்கலாம், பத்து மணிக்குப் பசியாறப் போய்விடுவார். ஒரே நேரத்தில் இரண்டு வண்டிக்கு மேல் எடுப்பதில்லை, வரிசையில் காத்திருக்க வேண்டும். ஜூலை மாதக் கடைசியில் புனித அன்னாள் திருவிழா நடக்கும் நாட்களில் போகாதீர்கள், புக்கிட் மெர்தாஜாமில் சாலை நகராது. தைப்பூசத்துக்குக் கடை மூடியிருக்கும். நான் அடுத்த சனிக்கிழமை கண்ணாடி ரப்பருக்காகப் போகிறேன். அப்பாவும் வருகிறார், மூன்றாவது டேப்பட்டை இன்னொரு முறை கேட்டுப் பார்க்க வேண்டுமாம்.